புதிய தலைமுறை ப்ராசஸர் வந்தால் உடனே மாற வேண்டுமா? நான் மாறுவதாக இல்லை

மெதுவண்டி:
என்னிடம் இருப்பது 2019-இல் வந்த ஏஎம்டி ப்ராசஸர் ரைசன் 5 3600, ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) உள்ள ஒரு பி450 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்4 ராம். கூட விளையாடுபவர்கள் எல்லோரும் ஏஎம்டியின் அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போய்விட்டார்கள். "இன்னும் அதையா உருட்டிக்கொண்டிருக்கிறாய்" என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. அதனால் என் காரணங்களை இங்கே கொட்டுகிறேன், அடிக்கிறவர்கள் அடிக்கலாம்.

ப்ராசஸரை மாற்றுவது என்று சொல்கிறார்கள், ஆனால் மாற்றுவது பாதிக் கம்ப்யூட்டரை. ஏஎம்5 என்றால் புது போர்டு, ராமும் டிடிஆர்5 மட்டும். இன்டெல் பக்கம் 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200எஸ்-உம் அப்படித்தான், புது சாக்கெட், டிடிஆர்5 மட்டும். நன்றாக இருக்கிற என் ராம் என்ன பாவம் செய்தது?

இன்னொன்று, புதிதாக வருவதை முதலில் வாங்குகிறவர்களை வைத்துத்தான் சோதனை முடிகிறது. 2011 ஜனவரியில் இன்டெலின் சாண்டி பிரிட்ஜ் ப்ராசஸர்கள் வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் அதற்கான போர்டுகளில் இருந்த 6 சீரிஸ் சிப்செட்டில் (துணைச் சிப்) டிஸ்க்கை இணைக்கும் சில சாட்டா போர்ட்டுகள் நாளடைவில் பழுதாகும் என்று இன்டெலே அறிவித்துத் திரும்பப் பெற்றது. 2023 ஏப்ரலில் ரைசன் 7000எக்ஸ்3டி சில இடங்களில் சாக்கெட்டோடு கருகியது. சிப்பின் ஒரு பகுதிக்குப் போகும் எஸ்ஓசி வோல்டேஜ் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி பயாஸில் (போர்டுக்குள் இருக்கும் அடிப்படை மென்பொருள்) கட்டுப்பாடு வந்தது அதற்கு அப்புறம்தான். கொஞ்சம் பொறுத்தவர்களுக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை.

கோர்எட்டு:
நண்பரே, உங்களுக்கு வசதியான உதாரணங்களை மட்டும் எடுத்துக்கொண்டீர்கள். இன்டெல் 13-ஆம் தலைமுறை வந்தது 2022 அக்டோபரில். அதையே லேசாகத் தட்டிக்கொட்டி 14 என்று விட்டது 2023 அக்டோபரில். "ஒரு வருடம் ஆகிவிட்டது, குறையெல்லாம் தீர்ந்திருக்கும்" என்று நம்பி 14-இல் 14900கே வாங்கியவருக்கும் 13-இல் இருந்த அதே கிராஷ்தான். அதற்குக் காரணமான வோல்டேஜ் கோளாறுக்கு மைக்ரோகோடு (சிப்பின் உள் மென்பொருளுக்கான திருத்தம்) வந்தது 2024 ஆகஸ்டில். காத்திருந்தால் பாதுகாப்பு என்பது எங்கே போயிற்று?

அப்புறம் ராம். 2025 கடைசியில் ஏஐ டேட்டா சென்டர்களுக்கு மெமரி மொத்தமாகப் போக, டிடிஆர்5 விலை எங்கேயோ போய்விட்டது. "இன்னும் கொஞ்சம் இறங்கட்டும்" என்று உட்கார்ந்திருந்தவர்கள்தான் மாட்டினார்கள். 2024-இல் வாங்கிப் போட்டவன் நிம்மதியாக இருக்கிறான். காத்திருப்பது இலவசம் என்று யார் சொன்னது?

மெதுவண்டி:
14900கே கதை என் பக்கம்தான் சாய்கிறது. அந்த மைக்ரோகோடு வருவதற்குள் அடிபட்ட சிப்பை எந்த அப்டேட்டும் பழையபடி ஆக்காது, அதனால்தான் இன்டெல் வாரண்டியை 2 வருடம் நீட்டியது. பிரச்சினை வெளியே வரும்வரை பொறுத்து, புது பயாஸ் ஏற்றிய பிறகு சிப்பைப் போட்டவருக்கு அந்தச் சேதம் இல்லை. நீங்கள் சொல்வது ஒரு வருடம் போதவில்லை என்பதைத்தான் காட்டுகிறது.

ராம் விஷயம் சரி. ஆனால் அந்த விலை ஏற்றம் நான் இப்போது ஏஎம்5-க்கு மாறாமல் இருக்கவும் ஒரு காரணம்தானே? என் டிடிஆர்4 கையில் இருக்கிறது.

நள்ளிரவு_கம்பைலர்:
இருவரும் கேம் ஆடுகிறவர்கள் போலப் பேசுகிறீர்கள். எனக்கு இது சோறு போடும் பெட்டி. பெரிய சி++ ப்ராஜெக்ட். மற்ற ஃபைல்கள் எல்லாம் இன்க்ளூட் செய்கிற ஒரு பொதுவான ஹெடர் ஃபைலில் ஒரு வரி மாற்றினால் பாதி ப்ராஜெக்ட் மறுபடி கம்பைல் ஆகும் (நிரல் இயங்கும் வடிவத்துக்கு மாறும்). பழைய ப்ராசஸரின் 6 கோரும் (தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்) 100 சதவீதத்தில் நிற்கும், ஃபேன் கத்தும், நான் போனை எடுப்பேன். போனை எடுத்தவன் எப்போது திரும்பி வருவான் என்று உங்களுக்கே தெரியும். 16 கோருக்குப் போன பிறகு போனை எடுக்கும் முன்பே பில்டு முடிந்துவிடுகிறது.

ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், கடைசியில் கம்பைல் ஆன துண்டுகள் ஒன்றாக லிங்க் ஆகும் கட்டத்தில் ஒரே ஒரு கோர் மட்டும் மூச்சுமுட்ட ஓடும், மற்ற பதினைந்தும் வேடிக்கை பார்க்கும். கோர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்குகிறவர்கள் இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பயாஸ்பயம்:
மெதுவண்டி சார், தலைமுறையை விடுங்கள். உங்கள் மெஷினில் எது இழுத்துப் பிடிக்கிறது என்று பார்த்தீர்களா? கேமில் ரெசல்யூஷனைப் பாதியாகக் குறையுங்கள். ஃபிரேம் ரேட் எகிறினால் தடையாக இருந்தது கிராபிக்ஸ் கார்டு. புது ப்ராசஸர் வாங்கி ஒரு பயனும் இல்லை. ரெசல்யூஷன் குறைந்தும் எண்ணிக்கை அசையவில்லை என்றால் ப்ராசஸர்தான் முட்டுகிறது. டாஸ்க் மேனேஜரில் மொத்த சிபியு 40 சதவீதம் என்று காட்டுவதை நம்பாதீர்கள், ஒரு த்ரெட் (ஒரு கோரில் ஓடும் ஒரு வேலை வரிசை) மட்டும் நிரம்பியிருந்தாலும் மொத்தக் கணக்கில் அது தெரியாது.

முதல் நாள் பெஞ்ச்மார்க்கை நம்பியும் முடிவெடுக்காதீர்கள். 2024 ஆகஸ்டில் ரைசன் 9000 வந்தபோது கேமில் பெரிய முன்னேற்றம் இல்லை என்று எல்லோரும் திட்டினார்கள். சில வாரங்களில் விண்டோஸ் 11-க்கு ஒரு அப்டேட் வந்து கொஞ்சம் வேகம் கூடியது. வேடிக்கை என்னவென்றால், அதே அப்டேட்டில் ரைசன் 7000, 5000 வைத்திருந்தவர்களுக்கும் வேகம் கூடியது!

கோர்எட்டு:
பயாஸ்பயம் சொன்னதில் எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு ஏஎம்4 என்ற செத்த சாக்கெட்டில் உட்கார்ந்திருப்பதோடுதான். ஏஎம்5-க்கு 2027-உம் அதற்கு மேலும் ஆதரவு என்று ஏஎம்டி சொல்லியிருக்கிறது. இன்று ஒரு சாதா சிப்போடு உள்ளே போனால் அடுத்த முறை ப்ராசஸரை மட்டும் மாற்றலாம். நீங்கள் தள்ளிப்போடும் ஒவ்வொரு வருடமும் அந்த சாக்கெட்டின் ஆயுளில்தான் கழிகிறது. கடைசி வருடத்தில் ஏறினால் அடுத்த முறை மறுபடி போர்டு, மறுபடி ராம்.

பழைய7700:
நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னுடையது இன்டெல் 7-ஆம் தலைமுறை ஐ7-7700. கேமெல்லாம் இல்லை, பிரவுசர், எக்செல், அவ்வளவுதான். நானும் தள்ளிப்போடலாமா?

பயாஸ்பயம்:
உங்கள் கேஸ் வேறு. வேகம் உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆனால் விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 பட்டியலில் உங்கள் சிப் இல்லை, இன்டெலில் பொதுவாக 8-ஆம் தலைமுறையிலிருந்துதான் சேர்த்திருக்கிறார்கள். வீட்டில் பயன்படுத்துபவர்களுக்கு அறிவித்த நீட்டிப்புப் பாதுகாப்பு அப்டேட் கூட 2026 அக்டோபர் வரைதான். லினக்ஸுக்கு மாறத் தயார் என்றால் அந்தப் பெட்டி இன்னும் பல வருடம் ஓடும். இல்லையென்றால் மாறுங்கள், ஆனால் லேட்டஸ்ட் தலைமுறை தேவையில்லை.

மெதுவண்டி:
பாதி ரெசல்யூஷன் சோதனை செய்து பார்த்தேன். ஷூட்டர் கேமில் ஃபிரேம் ரேட் ஜிவ்வென்று ஏறியது, அங்கே கார்டுதான் தடை. நகரம் கட்டும் கேமில் ஊர் பெரிதான சேவ் ஃபைலை லோடு செய்து பார்த்தால் துளியும் அசையவில்லை. ஆக, எனக்குத் தேவை இருக்கிறது, ஆனால் புது போர்டுக்கான தேவை இல்லை. இதே பி450-இல் 8 கோர் 5700எக்ஸ் போடலாம். 5800எக்ஸ்3டி கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த 96 எம்பி கேஷ் (சிப்புக்குள்ளேயே இருக்கும் வேகமான மெமரி) இந்த மாதிரி கேமுக்குத்தான் உதவும். 2017 எக்ஸ்370 போர்டிலேயே அது ஓடுகிறதே.

கோர்எட்டு:
கடைசியில் அப்கிரேடு செய்யத்தான் போகிறீர்கள்! :)

மெதுவண்டி:
தலைப்பைப் படியுங்கள், "புதிய தலைமுறை" என்றுதானே போட்டிருக்கிறேன். 5700எக்ஸ் 2022-இல் வந்தது. கோளாறு இருந்திருந்தால் இதற்குள் நாறியிருக்கும்.

பயாஸ்பயம்:
வாதம் நடக்கட்டும், போடும் முன் இரண்டு விஷயம். பழைய 3600 உள்ளே இருக்கும்போதே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள்; புது சிப்பைப் போட்டபின் திரை வரவில்லை என்றால் அப்டேட் செய்யவும் வழி இருக்காது. அடுத்து, கூலரைக் கழற்றும்போது நேராக மேலே இழுக்காதீர்கள். ஏஎம்4-இல் பின் எல்லாம் சிப்பில் இருக்கிறது. சிப்புக்கும் கூலருக்கும் நடுவே பூசிய பழைய பேஸ்ட் காய்ந்து ஒட்டியிருந்தால், லீவர் பூட்டியிருந்தாலும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸர் கூலரோடு பிடுங்கிக்கொண்டு வரும், பின் வளையும். கொஞ்ச நேரம் கேம் ஓட்டிச் சூடாக்கி, ஆஃப் செய்து பவர் ஒயரைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகி, பிடி விட்டபின் தூக்குங்கள்.