ஏலத் தளத்தில் விழுந்த சிவப்புக் குறியை மறைத்து வைக்கலாமா?

கேள்வி: கல்லடிப் பாலம்

எல்லாருக்கும் வணக்கம். மூன்று வருடமாக ஒரு வெளிநாட்டு ஏலத் தளத்தில் பழைய இலங்கை நாணயங்களும் முத்திரைகளும் விற்று வருகிறேன், அப்பப்பா விட்டுப்போன ஒரு தகரப் பெட்டியில் இருந்துதான் தொடங்கியது, இப்போது வாங்கியும் விற்கிறேன். இருநூறுக்கு மேல் நல்ல பின்னூட்டம் இருக்கிறது. போன மாதம் முதல் தடவையாக ஒரு சிவப்புக் குறி, அதாவது கெட்ட பின்னூட்டம், விழுந்துவிட்டது.

நடந்தது இதுதான். 1870 என்று பொறித்த, விக்டோரியா ராணியின் தலை போட்ட செப்பு 1 சதம். பெட்டியில் கறுத்துப் போய்க் கிடந்தது. அம்மம்மா குத்துவிளக்கு மினுக்குகிற மாதிரிப் புளி போட்டுத் தேய்த்து, "பாரு மனே, என்ன மாதிரிப் பளபளக்குது எண்டு" என்று கையில் தந்தார். நானும் அப்படியே படம் எடுத்துப் போட்டேன். வாங்கியவர் எழுதியது ஒரே வரி: "தேய்த்துக் கழுவிய நாணயம், விவரத்தில் சொல்லவில்லை." முழுக் காசையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன், நாணயத்தையும் அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன், ஆனால் குறி அழியவில்லை.

இந்தத் தளத்தில் பின்னூட்டப் பக்கத்தை மற்றவர்களுக்கு மூடி வைக்க ஒரு வழி இருக்கிறது. எத்தனை நல்லது, எத்தனை கெட்டது என்ற எண்ணிக்கை மட்டும் தெரியும், எழுதிய வார்த்தைகள் தெரியாது. மூடிவிடலாமா என்று யோசிக்கிறேன், அதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. எந்தச் சாமான் என்ன விலைக்குப் போனது என்பதும் அந்தப் பக்கத்திலேயே தெரிகிறது, நான் பேஸ்புக்கில் வைத்திருக்கும் அதே பெயர்தான் அங்கேயும். போன பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர் ஒருவர், 1957ஆம் ஆண்டு புத்த ஜயந்தி வெள்ளி 5 ரூபாவை நான் என்ன விலைக்கு விற்றேன் என்று சரியாகச் சொன்னார். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நான் வேலைக்கு அம்பாறையில் நிற்கிறேன், கிழமைக்கு ஒரு தரம்தான் வீடு. வீட்டில் அம்மாவும் அம்மம்மாவும் மட்டும். எங்கள் வீட்டில் வெள்ளிக் காசு இருக்கிறது என்று ஊருக்கே தெரிய வேண்டுமா? நான் கேட்பது பிழையா?

பதில் 1: ஏறாவூர் சேகரிப்பு

தம்பி, நான் இருபது வருடமாக நாணயம் சேர்க்கிறவன், வாங்குகிறவனாகச் சொல்கிறேன். பக்கத்தை மூடினால் நான் உங்களிடம் ஏலம் கேட்கமாட்டேன்.

அந்தக் கறுப்பு அழுக்கில்லை. நூற்றைம்பது வருடம் காற்றுப் பட்டுப் பட்டு செப்பின் மேல் படிந்த தோல் அது. புளி போட்டால் அந்தத் தோலோடு எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போகும், மினுக்கம் இளஞ்சிவப்பாக வந்து நிற்கும், அது திரும்பாது. சேர்க்கிறவர்கள் அந்த நிறத்தைப் பார்த்தாலே விலகிவிடுவார்கள், விலை பாதிக்கும் கீழே போய்விடும். ஆகவே அவர் எழுதியது நியாயம்தான், நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்பதும் உண்மை.

இப்போது யோசித்துப் பாருங்கள். நீங்கள் மூடிவிட்டால் எனக்குத் தெரிவது "கெட்டது 1" என்ற எண் மட்டும். நான் என்ன நினைப்பேன்? காசை வாங்கிக்கொண்டு சாமான் அனுப்பவில்லை, இல்லாவிட்டால் போலி நாணயம் விற்றிருக்கிறார், இப்படித்தான் மனம் போகும். திறந்திருந்தால் தேய்த்த நாணயம் என்று தெரியும், சரி, தெரியாமல் செய்த ஆள் என்று அடுத்ததைப் பார்ப்பேன். அந்த ஒரு வரி உங்களைக் காப்பாற்றுகிறது.

பதில் 2: கல்முனை வாசகி

மேலே எழுதிய அண்ணன் விற்கிறவரைப் பற்றி என்ன தெரிய வேண்டும் என்பதை மட்டும்தான் பார்க்கிறார். வாங்குகிற ஆளைப் பற்றி என்ன தெரிந்துவிடுகிறது என்பதையும் கொஞ்சம் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் எனக்கு மார்பில் சத்திரசிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு போடுகிற விசேஷ உள்ளாடை இங்கே கடைகளில் நான் தேடிக் கிடைக்கவில்லை, கேட்கவும் கூச்சம், அதனால் இணையத்தில் வாங்கினேன். பார்சல் நல்லபடியாக வந்தது. விற்ற பெண்மணிக்கு நன்றி சொல்ல வேண்டும் என்று மனதாரப் பின்னூட்டம் எழுதினேன். எழுதிப் போட்ட பிறகுதான் பார்த்தேன், என் பெயருக்குப் பக்கத்திலேயே அந்தச் சாமானின் பெயரும் முழுதாக நிற்கிறது. நான் எல்லா இடத்திலும் ஒரே பெயரைத்தான் பாவிக்கிறேன். என் வருத்தத்தைப் பற்றி என் மாமியாருக்குக்கூட அப்போது சொல்லியிருக்கவில்லை. அன்றிரவு எனக்கு நித்திரையே இல்லை.

அன்றிலிருந்து நான் பின்னூட்டம் எழுதுவதே இல்லை. நல்ல விற்பனையாளருக்கு வர வேண்டிய நல்ல வார்த்தையும் இப்படித்தான் நின்றுபோகிறது. ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்று எல்லாரும் சொல்கிறீர்கள், சரி, ஆனால் யாரைப் பற்றி? விற்கிறவர் எப்படி நடந்துகொண்டார் என்பது எல்லாருக்கும் தெரியட்டும். நான் என்ன வாங்கினேன், என் உடம்புக்கு என்ன என்பது ஊருக்கு எதற்கு? தம்பியின் வீட்டுப் பயமும் எனக்கு நன்றாக விளங்குகிறது, அதை யாரும் சின்ன விசயமாக எடுக்க வேண்டாம்.

பதில் 3: வாவிக்கரை

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் அக்கா. இந்த இழுபறி பழையது. ஈபே என்ற அமெரிக்க ஏலத் தளம் தொடங்கியது 1995இல், பின்னூட்ட முறை வந்தது 1996இல், முகம் தெரியாத ஆளுக்கு எந்த நம்பிக்கையில் காசு அனுப்புவது என்ற கேள்விக்கு அவர்கள் கண்ட வழி அதுதான். முதலில் இரண்டு பக்கமும் ஒருவரைப் பற்றி ஒருவர் எழுதலாம். என்ன நடந்தது என்றால், வாங்கியவர் குறை எழுதினால் விற்றவரும் பழிக்குப் பழியாக ஒரு சிவப்பைப் போட்டுவிடுவார், அதற்குப் பயந்தே பலர் வாயைத் திறக்கவில்லை. 2008இல் அதை மாற்றினார்கள், விற்கிறவர் வாங்குகிறவருக்குக் கெட்ட குறி போட முடியாது என்று. விற்பனையாளர்கள் கொதித்தார்கள். அவர்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருந்தது, காசு கட்டாமல் போகிறவரைப் பற்றி மற்ற விற்பனையாளர்களை எச்சரிக்க இருந்த வழி போய்விட்டது.

அக்கா சொன்ன பெயர் விசயத்திலும் அங்கே மாற்றம் வந்தது. ஏலம் கேட்பவர்களின் பெயர் எல்லாருக்கும் தெரிந்தபோது, ஏலத்தில் தோற்றவர்களைத் தேடிப் பிடித்து "அந்தச் சாமான் என்னிடம் இன்னொன்று இருக்கிறது" என்று மோசடிக்காரர்கள் எழுதத் தொடங்கினார்கள். பிறகுதான் இரண்டு எழுத்தும் நடுவில் நட்சத்திரக் குறிகளுமாகப் பெயரை மறைத்தார்கள். ஆனால் தன் பின்னூட்டப் பக்கத்தை மூடி வைத்தவர் அங்கே எதையும் விற்க முடியாது, வாங்க மட்டும்தான் முடியும். வாங்குகிறவருக்கு மறைவு, விற்கிறவருக்கு வெளிச்சம் என்ற இந்தப் பிரிப்பு எனக்குச் சரியாகத்தான் படுகிறது.

தம்பி, சிவப்புக் குறிக்கு அவ்வளவு பயப்பட வேண்டாம் என்பதற்கும் ஒன்று சொல்கிறேன். பால் ரெஸ்னிக்கும் இன்னும் சிலரும் செய்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு இருக்கிறது, ஈபேயில் பழைய தபாலட்டைகளை வைத்தே செய்தது, உங்கள் தொழிலுக்குப் பக்கத்துத் தொழில். ஒரே மாதிரியான அட்டைகளைப் பெயரெடுத்த ஒரு விற்பனையாளர் தன் பெயரிலும், புதிதாகத் திறந்த பெயர்களிலும் விற்றுப் பார்த்தார். பழைய பெயருக்கு 8.1 சதவீதம் கூடக் கொடுக்க ஆட்கள் தயாராக இருந்தார்கள். புதிய பெயர்களில் ஒன்றிரண்டு கெட்ட குறி விழுந்தும் விலையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் கப்ரால், ஹோர்த்தாச்சு என்ற இருவர் 2010இல் வெளியிட்டது வேறு மாதிரிச் சொல்கிறது: முதல் கெட்ட குறி விழுந்ததும், வாரத்துக்கு 5 சதவீதம் வளர்ந்துகொண்டிருந்த விற்பனை 8 சதவீதம் குறையத் தொடங்கியதாம். ஆகவே ஒன்றுமே ஆகாது என்று நான் சொல்லவில்லை, கொஞ்சக் காலம் உறைக்கும். ஆனால் உங்களிடம் இருநூறு நல்ல குறி இருக்கிறது, பக்கத்தை மூடினால் அதையும் அல்லவா சேர்த்து மூடுகிறீர்கள்?

வீட்டுப் பயத்துக்கு மருந்து வேறு. பெயரை மாற்றுங்கள். அநேகமான தளங்களில் பெயரை மாற்றினாலும் பழைய பின்னூட்டம் கூடவே வரும், உங்கள் தளத்தில் எப்படி என்று முதலில் பாருங்கள். பேஸ்புக் பெயர், ஊர்ப் பெயர், பிறந்த வருடம் எதுவும் அதில் வேண்டாம். பார்சலில் அனுப்புநர் முகவரியாக வீட்டைப் போடாமல் தபால் பெட்டி எடுத்தால் இன்னும் நல்லது. இலங்கையின் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஓர் ஆளை நேராகவோ சுற்றி வளைத்தோ அடையாளம் காட்டுகிற தகவலைத்தான் தனிப்பட்ட தரவு என்கிறது. உங்கள் பெயரும் முகவரியும் அதில் வரும். "நாணயம் தேய்த்தது" என்பது உங்கள் வியாபாரத்தைப் பற்றிய பேச்சு, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம்.

பதில் 4: மருதமுனைத் தறி

தம்பி, நாங்கள் பரம்பரையாக நெசவு. இப்போது சாரனும் சேலையும் பேஸ்புக் குழுவில் ஏலம் விடுகிறோம், வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு, கொமன்டில் விலை கேட்பார்கள்.

ஒரு முறை சேலை ஒன்று முதல் கழுவலிலேயே சாயம் விட்டுவிட்டது. வாங்கின தங்கச்சி கொமன்டில் படத்தோடு போட்டார். நான் கோபத்தில் அதை அழித்துவிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை வழமையாகக் கேட்கிற ஆட்களில் பாதிப்பேர் வரவில்லை. விசாரித்தால், அழித்த கொமன்டின் படம் வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்கச் சுற்றுகிறது, "சொன்னால் அழிக்கிற கடை" என்ற பேரோடு. சாயம் விட்டதற்கு யாரும் என்னை ஏசவில்லை, அழித்ததற்குத்தான் ஏசினார்கள். பிறகு அந்தத் தங்கச்சிக்கு வேறு சேலை கொடுத்து, நடந்ததை நானே குழுவில் எழுதினேன். ஆட்கள் திரும்பி வர ஆறு மாதம் எடுத்தது.

விலாசத்தை மறையுங்கள், போன் நம்பரை மறையுங்கள், அது உங்கள் உரிமை. குறையை மறைக்காதீர்கள்.

கல்லடிப் பாலம் மீண்டும் எழுதியது

எல்லாருக்கும் நன்றி. மருதமுனை நானா, நீங்கள் எழுதியதைப் பார்த்த பிறகு மூடுகிற எண்ணத்தை விட்டுவிட்டேன். அக்கா, உங்களுக்கு நடந்ததை இங்கே எழுதியதற்கு மிகவும் நன்றி. நான் விற்ற சாமான்களின் பக்கத்தில் வாங்கியவர்கள் பெயர் எப்படித் தெரிகிறது என்று இன்றுதான் முதல் தடவையாகப் போய்ப் பார்த்தேன். பெயர் முழுதாகத்தான் தெரிகிறது. வாங்குபவரின் பெயரை மறைத்து ஏலம் விடுகிற வசதி ஒன்று அங்கே இருக்கிறது, இனி எல்லா ஏலத்துக்கும் அதையே போடுகிறேன், தளத்துக்கும் எழுதியிருக்கிறேன்.

என் பெயரை மாற்றிவிட்டேன், பின்னூட்டம் கூடவே வந்தது. தபால் பெட்டி பற்றி திங்கட்கிழமை விசாரிக்கிறேன்.

சிவப்புக் குறிக்குக் கீழே பதில் எழுத இடம் இருந்தது. இப்படி எழுதினேன்: "வாங்கியவர் சொன்னது சரி. நாணயம் புளி போட்டுத் தேய்க்கப்பட்டது, நான் அதை விவரத்தில் எழுதியிருக்க வேண்டும். முழுப் பணமும் திருப்பிக் கொடுக்கப்பட்டது." அம்மம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். பெட்டியில் மிச்சம் இருக்கிற பதினொரு செப்புக் காசையும் எடுத்துப் பழைய பருத்தித் துணியில் ஒவ்வொன்றாகச் சுற்றித் தந்தார், ஒன்றையும் துடைக்கவில்லை.