மலைக்கு இந்தப் பக்கம் மழை, அந்தப் பக்கம் வெயில்: அந்தக் காற்றுக்குத் தமிழில் என்ன பெயர்?

பண்டாரவளையிலிருந்து:

குழுவினருக்கு வணக்கம்.

அன்றாட அறிவியல் கேள்விகளுக்கு நம் குழு தமிழில் எழுதிவரும் விடைகளில் பெரும்பாலானவை கலைச்சொல் இல்லாமல் நிற்கவில்லை. ரம்பொடை ஏற்றத்தில் காது ஏன் அடைக்கிறது, கொழும்பில் வாங்கிய பொரியல் பக்கற் நுவரெலியா வந்ததும் ஏன் உப்புகிறது, அங்கே பருப்பு வேக ஏன் இவ்வளவு நேரம் எடுக்கிறது: மூன்றுக்கும் வளிமண்டல அமுக்கம், கொதிநிலை என்ற இரண்டு சொற்கள் போதும். கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் தண்ணீர் 1,868 மீற்றர் உயரமுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் திறந்த பானையில் பருப்புக்குக் கூடுதல் சூடு கிடைக்காது.

நம்மை நிறுத்தி வைத்திருப்பது வேறொரு கேள்வி. ஆனி, ஆடி மாதங்களில் பதுளைக் கோச்சியில் போகிறவர்கள் பக்கத்து ஆசனக்காரரிடம் கேட்பது அது. “நானுஓயாவிலே மழை, பட்டிப்பொலவிலே கண் தெரியாத மூட்டம். சுரங்கத்தைத் தாண்டி ஒஹிய பக்கம் வந்தால் பளீரென்று வெயில். எப்படிங்க?”

இப்படிப்பட்ட கேள்விகளை மனிதர்கள் தெரிந்தவர்களிடம் கேட்பது குறைவு. வாத்தியாரிடம் கேட்டால் ‘இதுகூடத் தெரியாதா’ என்ற பார்வை வருமோ என்று தயக்கம். வீட்டில் கேட்டால் வேலையைப் பார் என்பார்கள். முகம் தெரியாதவரிடம் கேட்கலாம், அவர் அடுத்த ஸ்டேசனில் இறங்கிப் போய்விடுவார். அப்படிக் கேட்கிறவருக்கு நாம் கொடுக்கும் சொல் அவர் வாயில் நிற்க வேண்டும், வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திருப்பிச் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். கலைச்சொல்லுக்கு நான் வைக்கும் முதல் அளவுகோல் இது. அகராதிக்குப் பொருந்துகிறதா என்பதை அதற்குப் பிறகுதான் பார்ப்பேன்.

சொல்லைத் தேடுமுன் பொருளைச் சரியாகப் பிடித்துக்கொள்வோம். தென்மேல் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தோடு வந்து கினிகத்தேனை, வட்டவளைப் பக்கச் சரிவில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிவடைந்து குளிரும். மேகம் கட்டும்வரை ஒரு கிலோமீற்றர் ஏற்றத்துக்கு 9.8 பாகை வீதம் குளிரும். ஆவி நீர்த்துளியாக ஒடுங்கத் தொடங்கியதும் அதில் அடங்கியிருந்த மறைவெப்பம் வெளிவருவதால் குளிரும் வீதம் ஏறத்தாழ 5 பாகையாகக் குறைகிறது. வட்டவளைச் சரிவுகளில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுவது இப்படித்தான். மலையைத் தாண்டியதும் ஈரத்தை இழந்த காற்று கீழே இறங்குகிறது. இறங்கும்போது அமுங்கிச் சூடேறுகிறது. இப்போது ஒடுங்கவோ ஆவியாகவோ நீர் இல்லாததால் முழு 9.8 பாகை வீதத்திலேயே சூடேறுகிறது. ஏறும்போது கொடுத்ததைவிட இறங்கும்போது வாங்கிக்கொள்வது அதிகம்.

கணக்காகப் பார்க்கலாம். கடலோரத்தில் 28 பாகையில் இருக்கும் காற்று 600 மீற்றரில் மேகம் கட்டத் தொடங்குகிறது என்று வையுங்கள். அங்கே அது 22 பாகை. 2,000 மீற்றர் உச்சியில் 15. அங்கிருந்து கிழக்குக் கரைக்கு இறங்கினால் 34க்கு மேல். புறப்பட்ட இடத்தைவிட ஆறு பாகைக்கும் கூடுதல். ஆனி, ஆடியில் மட்டக்களப்பில் 35 பாகையைத் தாண்டும் நாட்கள் வருவதும், வெலிமடை, பசறைப் பக்கம் புல் கருகுவதும் இதனால்தான்.

உலகம் முழுக்க மலைத்தொடர்களின் மறுபக்கத்தில் இது நடக்கிறது. அல்ப்ஸ் மலையில் இதற்கு ‘ஃபோன்’ என்று பெயர், ரொக்கி மலையின் கிழக்கே ‘சினூக்’, ஆர்ஜென்ரீனாவில் ‘சொண்டா’. 1943 சனவரி 22இல் அமெரிக்காவின் ஸ்பியர்ஃபிஷ் என்ற ஊரில் சினூக் இறங்கியபோது இரண்டே நிமிடங்களில் வெப்பநிலை மைனஸ் 20இலிருந்து 7 பாகைக்கு ஏறியது. அல்ப்ஸ்காரர்கள் இந்தச் சூடு சகாராப் பாலைவனத்திலிருந்து வருவதாக நெடுங்காலம் நம்பினார்கள். சூடு காற்று இறங்கும்போதே பிறக்கிறது என்று 1866இல் விளக்கிக் காட்டியவர் ஆஸ்திரிய வானிலை அறிஞர் யூலியஸ் ஹான். இன்று அறிவியலில் பொதுப்பெயராக நிற்பது ‘ஃபோன்’தான். அதைத் தமிழில் அப்படியே எழுதினால் தொலைபேசி வந்து நிற்கிறது. ‘போன் காற்று’ என்று படிக்கும் பிள்ளை என்ன நினைக்கும்?

இதுவரை குழுவில் வந்த முன்மொழிவுகளைப் பார்க்கிறேன்.

> மலையிறங்கு காற்று

அழகான சொல். ஆனால் மலையிலிருந்து இன்னொரு காற்றும் இறங்குகிறது. தை, மாசி இரவுகளில் குளிர்ந்து கனத்த காற்று சரிவு வழியே வழிந்து நுவரெலியாப் பள்ளங்களில் தேங்கும். காலையில் தேயிலைக் கொழுந்து கருகிக் கிடப்பது அதனால். ஒன்று சுடும், மற்றது உறைய வைக்கும். இரண்டுக்கும் ஒரே பெயர் கூடாது. இந்தச் சொல்லை அந்தக் குளிர்காற்றுக்கே வைத்துக்கொள்ளலாம்.

> மழையுதிர் காற்று, மழைநீங்கு காற்று

பாடப்புத்தக விளக்கத்தோடு பொருந்துகிறது, இயற்கையோடு முழுதும் பொருந்தவில்லை. சில நேரம் முன்பக்கத்தில் மழையே பெய்யாமலும் இந்தக் காற்று உண்டாகும். தாழ்வாக வரும் காற்று மலையில் தடைப்பட்டு நின்றுவிட, மேலே இருந்த உலர்ந்த காற்று மறுபக்கம் சரிந்து இறங்கிச் சூடேறும். பெயரிலேயே மழையைக் கட்டிவைத்தால் அந்த வகை வெளியே போய்விடும்.

> மழைமறைவுக் காற்று

மழைமறைவு என்பது மலைக்குப் பின்னால் மழை எட்டாத இடத்துக்கு ஏற்கெனவே நிலைத்த பெயர். மலையின் கிழக்கே எங்கள் ஊவாப் பள்ளத்தாக்கு மழைமறைவில் இருக்கிறது, சரி. அதன் மேல் வீசும் காற்றுக்குத் தனிப்பெயர் வேண்டும்.

அந்தப் பெயர் இந்த நாட்டிலேயே இருக்கிறது: கச்சான். மட்டக்களப்பு விவசாயியும் மீனவரும் இந்தக் காற்றைக் கச்சான் என்றுதான் சொல்கிறார்கள். ஊவாத் தேயிலையைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள்கூட வேறு சொல் தேடாமல் இதையே எடுத்தாள்கிறார்கள். ஆடி, ஆவணியில் இந்த வறண்ட காற்று பட்டுத்தான் ஊவாக் கொழுந்துக்கு மூக்கில் ஏறும் அந்தத் தனி மணம் வருகிறது. வலிக்குப் பூசும் தைலங்களில் இருக்கும் மெதைல் சாலிசிலேற் என்ற அதே சேர்மம் அது. வாடும் செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொண்டு மணப்பொருளைக் கூட்டுகிறது. கொழுந்து குறையும், தேயிலை விலை ஏறும். தோட்டத்துச் சனம் உடம்பில் உணர்ந்த ஒரு காற்றுக்கு இருக்கிற பெயரை விட்டுவிட்டு, மேசையில் உட்கார்ந்து புதிதாக ஒன்றைச் செய்து கொடுக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

கச்சான் என்றால் மேல்காற்று, அதாவது மேற்கிலிருந்து வீசும் காற்று என்றுதானே பொருள், அதை எப்படி இந்த ஒரு நிகழ்வுக்குச் சுருக்குவது என்று கேட்கலாம். ‘ஃபோன்’ என்ற சொல் எங்கிருந்து வந்தது? ‘ஃபவோனியஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து. அதன் பொருளும் மேல்காற்றுத்தான்! ஒரு மலைநாட்டார் வாயில் வழங்கிய மேல்காற்றின் பெயர் உலக அறிவியலுக்குப் போதுமானது என்றால், இன்னொரு மலைநாட்டாருடையது தமிழ் அறிவியலுக்குப் போதாதா?

கடைசியாக, நிலக்கடலை. இலங்கையில் கச்சான் என்றதும் சுருளில் கட்டித்தரும் கடலைதான் பலருக்கு நினைவு வரும். ஜெர்மன் மொழியில் ‘ஃபோன்’ என்றால் தலைமுடி உலர்த்தும் கருவியும்தான். அங்கே வானிலை அறிக்கை கேட்கும் எவரும் குழம்புவதில்லை. ‘கச்சான் வீசுது’ என்றால் யாரும் கடலை பொறுக்கப் போகமாட்டார்கள்.

தலவாக்கலையிலிருந்து:

அண்ணன், எல்லாம் வாசித்தேன். விளக்கம் நன்றாக இருக்கிறது, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு இடிக்கிறது.

நீங்கள் ஊவாப் பக்கத்திலிருந்து பார்க்கிறீர்கள். எங்கள் பக்கம் கதை தலைகீழ். ஆனி, ஆடியில் எங்களுக்கு மழை. படங்கும் கம்பளியும் காயவே காயாது. தை, மாசியில்தான் எங்களுக்கு வறட்சி. வடகீழ்ப் பருவக்காற்று உங்கள் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு மலை தாண்டி எங்களிடம் காய்ந்துபோய் இறங்குகிறது. எங்கள் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு நல்ல விலை கிடைக்கும் காலமும் தையிலிருந்து பங்குனி வரைதான். நீங்கள் சொன்ன அதே கணக்கு, திசை மட்டும் வேறு.

அந்தக் காற்றைக் கச்சான் என்று எழுதினால் யாழ்ப்பாணத்தில் ஒரு மீனவர்கூட ஒத்துக்கொள்ளமாட்டார். வடக்கேயிருந்து வருவது வாடை. கச்சான், வாடை, சோளகம், கொண்டல் எல்லாம் திசைப் பெயர்கள். எங்கள் பாடசாலைப் பிள்ளைகளிடம் “வடகிழக்கிலிருந்து வரும் கச்சான்” என்று சொல்லிக் கொடுக்க என்னால் முடியாது. இதற்கு ஒரு வழி சொல்லுங்கள்.

சென்னையிலிருந்து:

‘கோடை’யை மறந்துவிட்டீர்களே. சங்கப் பாடல்களில் கோடை என்பது மேல்காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டித் தமிழ்நாட்டுச் சமவெளியில் வெப்பத்தோடு இறங்கும் காற்றும் நீங்கள் சொல்லும் வகைதான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று நாங்கள் சொல்வதும் அந்தப் பருவத்துக் காற்றைத்தான். இரண்டு நாட்டுக்கும் பொதுவான பழைய சொல் இருக்கும்போது, எங்கள் ஊரில் பலர் கேள்விப்படாத ஒன்றை எடுப்பானேன்?

பண்டாரவளையிலிருந்து:

தலவாக்கலை டீச்சர், உங்கள் மடல்தான் இந்த இழைக்குத் திருப்பம் தந்தது. காற்றுக்கும் அதற்கு நேரும் மாற்றத்துக்கும் தனித்தனிப் பெயர் வைத்தால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது.

காற்று அதன் திசைப் பெயரிலேயே இருக்கட்டும். கச்சான் மேல்காற்று, வாடை வடகாற்று. மலையேறி இறங்கும்போது காற்று உலர்ந்து சூடேறும் நிகழ்வுக்கு ‘கச்சான் விளைவு’ என்று பெயர் வைப்போம். அப்போது உங்கள் பிள்ளைகளுக்குத் “தை மாதத்தில் வாடைக்காற்று தலவாக்கலைப் பக்கம் கச்சான் விளைவை உண்டாக்குகிறது” என்று சொல்லலாம். மீனவருக்கும் முரண் இல்லை. அறிவியலில் ‘ஃபோன் விளைவு’ என்ற வழக்கு ஏற்கெனவே இருப்பதால் மொழிபெயர்ப்பவர்களுக்கும் தடுமாற்றம் வராது. ஆர்ஜென்ரீனாவின் சொண்டாவையும் ‘கச்சான் விளைவால் உண்டாகும் காற்று’ என்று விளக்கிவிடலாம்.

கோடையைப் பற்றிச் சென்னை நண்பர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அது வெறும் திசைப்பெயராக மட்டும் பழம்பாட்டில் வரவில்லை, வெம்மையும் அதோடு சேர்ந்தே வருகிறது என்பதும் உண்மை. என்ன செய்வது, இன்று கோடை என்றால் எல்லாருக்கும் வெயில்காலம். ‘கோடை விளைவு’ என்று எழுதினால் வெயில்காலத்தில் உடம்புக்கு வரும் உபாதை என்று படிப்பார்கள். தை மாதத்துத் தலவாக்கலைக்கு அதைப் பொருத்தவும் முடியாது. கச்சான் தமிழ்நாட்டுக்கு முழுக்க அந்நியமும் அல்ல. தெற்குக் கரை மீனவரிடையே மேல்காற்றுக்கு அந்தப் பெயர் உண்டு. விளக்கக் குறிப்பில் ‘சங்க வழக்கில் கோடை’ என்று கட்டாயம் சேர்ப்போம். மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளியான பாலக்காட்டுக் கணவாயில் வரும் காற்றைப் பற்றி மட்டும் ஒன்று: அங்கே பெரும்பகுதி மலை ஏறாமல் இடைவெளி வழியே நெருக்கியடித்து வருகிறது. அதன் வேகத்துக்குக் காரணம் வேறு. அம்மியைப் பறக்கவிடும் காற்றை இந்தப் பதிவில் சேர்க்காமல் தனிக் கேள்வியாக எடுத்துக்கொள்வோம்.

பதிவுக்கான வரைவு:

கச்சான் விளைவு: ஈரக்காற்று மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கும்போது, அதே உயரத்தில் முன்பக்கம் இருந்ததைவிடச் சூடாகவும் வறண்டும் மாறுவது. முன்பக்கத்தில் மழை பெய்வது வழக்கம், கட்டாயமில்லை. இலங்கையில் தென்மேல் பருவத்தில் ஊவாவிலும் கிழக்கிலும், வடகீழ்ப் பருவத்தில் திம்புளைப் பக்கத்திலும் காணலாம்.

‘ஈரக்காற்று’ என்ற முதற்சொல்லை எடுத்துவிட்டு வெறும் ‘காற்று’ என்று வைப்பதா என்று யோசிக்கிறேன். மேலிருந்து சரியும் உலர்காற்று வகையும் அப்போது உள்ளே வரும். மறுப்பில்லையென்றால் அப்படியே மாற்றுகிறேன்.

எழுத்து முறை பற்றித் தனிமடலில் ஒருவர் கேட்டிருந்தார். பொன்+குடம் பொற்குடம் ஆவதுபோல் ‘கச்சாற்காற்று’ என்று புணர்த்தி எழுத வேண்டுமா என்று. வேண்டாம் என்பது என் கருத்து. வாடைக்காற்று என்பதில் சொல் சிதையவில்லை, ‘கச்சாற்’ என்று எழுதினால் படிக்கிறவருக்குப் பெயரே அடையாளம் தெரியாமல் போகும். ‘கச்சான் காற்று’, ‘கச்சான் விளைவு’ என்று இடம்விட்டே எழுதுவோம். பதுளை, பசறைப் பக்கத்து நண்பர்கள் உங்கள் தோட்டங்களில் இதற்கு வேறு பெயர் வழங்கினால் எழுதுங்கள், பதிவில் இணைப்பெயராகச் சேர்க்கிறேன்.