ரமலான் கடைசிப் பத்தில் பள்ளிவாசலில் தஹஜ்ஜுத் ஜமாஅத் தேவையா?

திண்ணைக்காரன்:
அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் மஹல்லாவில் இந்த ரமலானுக்கு ஒரு புது ஏற்பாடு. பிறை 21 முதல் தினமும் இரவு ஒன்றரை மணிக்குப் பள்ளியில் தஹஜ்ஜுத் (பின்னிரவுத் தொழுகை) ஜமாஅத், அதாவது இமாமின் பின்னால் கூட்டாக, மூன்றரை வரை, அப்புறம் அங்கேயே நோன்பு வைக்க ஸஹர் சாப்பாடு. ரமலான் இரவுத் தொழுகையான தராவீஹ் வழக்கம்போல ஒன்பது மணிக்கு 20 ரக்அத் (நின்று, குனிந்து, ஸஜ்தா செய்யும் சுற்று) நடக்கும், இது அதற்கு மேலே. இளவட்டங்கள் கேட்டார்கள், கமிட்டியும் சரி என்றுவிட்டது. நான் வேண்டாம் என்றதற்கு, "நல்ல காரியத்தைத் தடுக்காதீங்க காக்கா" என்று ஒரு பையன் முகத்துக்கு நேரே சொன்னான். அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன்.

ஊர் தூங்கும்போது ஒருவன் தன்பாட்டில் எழுந்து நிற்பதுதான் தஹஜ்ஜுத். அதற்கு நோட்டீஸ் ஒட்டி, வசூல் செய்து, பிரியாணிக்கு ஆள் சொல்லிவிட்டால் அது வேறு என்னவோ ஆகிவிடுகிறது. நபி (ஸல்) அவர்கள் ரமலானில் பாயால் மறைப்புக் கட்டிக்கொண்டு சில இரவுகள் பள்ளியில் தொழுதபோது மக்கள் பின்னால் வந்து சேர்ந்தார்கள். கூட்டம் பெருகியதும் அவர்கள் வரவில்லை. பிறகு, "வீட்டில் தொழுங்கள், கடமையான பர்ளைத் தவிர மற்றவற்றை வீட்டில் தொழுவதே சிறந்தது" என்றார்கள். ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அறிவிப்பது, ஹதீஸ் தொகுப்பான புகாரியில் இருக்கிறது. இரவுத் தொழுகைக்கென்று கூடிய கூட்டத்தைப் பார்த்தே சொன்ன வார்த்தை இது. இதற்கு மேல் என்ன வேண்டும்?

முதல்_ஸஃப்:
வ அலைக்குமுஸ்ஸலாம் காக்கா. அந்தப் பையன் நான் இல்லை, ஆனால் நான் அவன் கட்சிதான்.

வராததற்கு அவர்களே காரணம் சொல்லியிருக்கிறார்களே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? உங்கள் மீது கடமையாக்கப்பட்டுவிடுமோ என்று அஞ்சினேன் என்றார்கள். இறைச்செய்தியான வஹீ நின்ற பிறகு அந்த அச்சம் போய்விட்டது. அதனால்தான் கலீஃபா உமர் (ரலி), தனித்தனியாகவும் சின்னச் சின்னக் கூட்டமாகவும் தொழுதுகொண்டிருந்தவர்களை உபை இப்னு கஅபு (ரலி) பின்னால் ஒரே ஜமாஅத்தாக நிறுத்தினார்கள். இன்னொரு இரவு பார்த்துவிட்டு "இது நல்ல புதுமை" என்றார்கள். வீட்டில் தொழுவதுதான் சிறப்பு என்று அப்படியே பிடித்துக்கொண்டால் தராவீஹையும் வீட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான். அதற்கு நீங்கள் தயாரா?

திண்ணைக்காரன்:
தம்பி, அந்த அறிவிப்பை நீங்களும் பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே மூச்சில் உமர் (ரலி) இன்னொன்றும் சொன்னார்கள்: இவர்கள் எதை விட்டுவிட்டுத் தூங்குகிறார்களோ அது இவர்கள் நின்று தொழுவதைவிடச் சிறந்தது. அதாவது இரவின் கடைசிப் பகுதி. மக்கள் முன்னிரவில் நிற்கிறார்கள், உமர் (ரலி) வெளியே வந்து பார்க்கிறார்கள். அவர்கள் அந்த ஜமாஅத்தில் நிற்கவில்லை என்பது அந்தச் சம்பவத்திலேயே தெரிகிறது. பின்னிரவை அவர்கள் ஜமாஅத் ஆக்கவும் இல்லை.

முதல்_ஸஃப்:
அடடா, நீங்களே எனக்கு வேலையை எளிதாக்கிவிட்டீர்கள். பின்னிரவு சிறந்தது என்றால் அந்தச் சிறந்த நேரத்தில் பத்துப் பேரை எழுப்பிக் கொண்டுவருவது எப்படித் தப்பாகும்?

பதினொன்று:
இரண்டு பேரும் வேரை விட்டுவிட்டுக் கிளையில் சண்டை போடுகிறீர்கள். தராவீஹ் வேறு, தஹஜ்ஜுத் வேறு என்று யார் பிரித்தது? ரமலானில் நபியவர்களின் தொழுகை எப்படி இருந்தது என்று கேட்டபோது, ரமலானிலும் மற்ற காலத்திலும் 11 ரக்அத்துக்கு மேல் தொழுததில்லை என்று நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) சொன்னார்கள். ரமலானிலும், மற்ற காலத்திலும். ஒரே தொழுகைதான், ரமலானில் தராவீஹ் என்று பேர் வைத்திருக்கிறோம். ஒன்பது மணிக்கு ஒரு தடவை, ஒன்றரைக்கு இன்னொரு தடவை என்று இரண்டு கடை போடுவதற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள். உமர் (ரலி) கட்டளையிட்டதாக முவத்தா ஹதீஸ் தொகுப்பில் ஸாயிப் இப்னு யஸீத் அறிவிப்பதும் 11தான். 23 என்று வரும் அறிவிப்பைச் சொல்லும் யஸீத் இப்னு ரூமான், உமர் (ரலி) காலத்தையே அடையாதவர்.

ஓதுற_பையன்:
8ஆ 20ஆ, அதாவது கடைசியில் ஒற்றைப்படையாக முடிக்கும் வித்ரு மூன்றையும் சேர்த்து 11ஆ 23ஆ என்று இறங்கினால் இந்த இழை பெருநாள் பிறை பார்க்கும் வரை ஓடும். ஒன்று மட்டும் சொல்லிவிட்டு விடுகிறேன். இரவுத் தொழுகை "இரண்டிரண்டு, சுபுஹ் வந்துவிடும் என்று பயந்தால் ஒன்று வித்ரு" என்று இப்னு உமர் (ரலி) அறிவிப்பதில் உச்சவரம்பு எதுவும் இல்லை. ஆயிஷா (ரலி) வழியாகவே 13 என்றும் அறிவிப்பு இருக்கிறது. ஸாயிப் இப்னு யஸீத் வழியாக 20 என்று பைஹகீ தொகுப்பில் வருவதை நீங்கள் சொல்லவில்லை. சரி, அது போகட்டும்.

கேள்விக்கு வருகிறேன். சட்ட வழிமுறையான மத்ஹபுக்கு மத்ஹப் இதில் பதில் மாறும், உங்கள் ஊர் எந்தப் பக்கம் என்று யாருமே கேட்கவில்லை. ஹனஃபியில் ஆள் கூப்பிட்டு நஃபிலை (கடமையல்லாத உபரித் தொழுகையை) ஜமாஅத்தாகத் தொழுவது மக்ரூஹ் (வெறுக்கத்தக்கது), தராவீஹ் போன்றவற்றுக்கு விலக்கு. ரமலான் தஹஜ்ஜுத் அந்த விலக்குக்குள் வருமா என்பதில் அவர்களுக்குள்ளேயே பேச்சு உண்டு. ஷாஃபியில் இந்த மாதிரி நஃபிலுக்கு ஜமாஅத் சுன்னத் (பரிந்துரைக்கப்பட்டது) இல்லை, ஆனால் தொழுதால் மக்ரூஹும் இல்லை, கூடும். இப்னு அப்பாஸ் (ரலி) சின்னப் பையனாகத் தன் சாச்சி மைமூனா (ரலி) வீட்டில் தங்கிய இரவில் எழுந்து போய் நபியவர்களின் இடது பக்கம் நின்றார், அவரைப் பிடித்து வலது பக்கம் நிறுத்திக்கொண்டார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) ஒரு இரவு பின்னால் நின்று, நிற்க முடியாமல், உட்கார்ந்துவிடலாமா என்ற கெட்ட எண்ணம் வந்தது என்று சொன்னார். ஹுதைஃபா (ரலி) நின்ற இரவில் பகரா, நிஸா, ஆலு இம்ரான் என்ற மூன்று நீண்ட அத்தியாயங்களும் ஒரே ரக்அத்தில் ஓதப்பட்டன. ஆகப் பின்னிரவில் ஜமாஅத் நடந்திருக்கிறது. ஒருத்தர், இரண்டு பேர், அதுவும் வந்து ஒட்டிக்கொண்டவர்கள். நோட்டீஸ் ஒட்டி யாரையும் கூப்பிடவில்லை.

இன்னொரு விஷயம், யாரும் கோபப்படாதீர்கள். ஷாஃபி கிதாபுகளில் தஹஜ்ஜுத் என்பது தூங்கி எழுந்து தொழுவது. தராவீஹ் முடித்துவிட்டு டீக்கடையில் ஒன்றரை வரை உட்கார்ந்து கதை அடித்துவிட்டு வருபவர் தொழுவது கியாமுல் லைல் (பொதுவான இரவுத் தொழுகை), அதற்கும் நன்மை உண்டு, ஆனால் தஹஜ்ஜுத் இல்லை. நோட்டீஸில் பேரை மாற்றச் சொல்லுங்கள் காக்கா.

ஓதுற_பையன்:
மேலே ஒரு பிழை, எனக்கே சிரிப்பு வருகிறது. மைமூனா (ரலி) இப்னு அப்பாஸின் தாயாருடைய சகோதரி, அதாவது பெரியம்மா முறையோ சின்னம்மா முறையோ. சாச்சி என்று எங்கள் வீட்டு வழக்கத்தில் எழுதிவிட்டேன்.

நைட்_ஷிப்ட்:
எல்லாரும் கிதாபு விரித்துவிட்டீர்கள், நான் என் கட்டிலைச் சொல்கிறேன். வளைகுடாவில் ஒரு அறையில் ஆறு பேர். ஒருத்தன் காலை நாலு மணிக்கு வேலைக்குப் போவான், ஒருத்தன் இரண்டு மணிக்குத்தான் வருவான். நடுராத்திரி லைட் போட்டால் சண்டை, குனிந்து நிமிரத் தரையில் இடம் இல்லை. தனியாக எழ வேண்டும் என்று மூன்று வருடம் அலாரம் வைத்தேன், விரல் நீட்டி அதை அணைத்ததுதான் மிச்சம். கடைசிப் பத்தில் பக்கத்துப் பள்ளியில் கியாமுல் லைல் நடந்தது, பத்து நாளும் போனேன். வாழ்க்கையில் அழுது தொழுதது அங்கேதான். வீடு இருப்பவர்களுக்கு "வீட்டில் தொழு" என்பது நல்ல உபதேசம்.

மக்காவின் பெரிய பள்ளியான ஹரமிலேயே கடைசிப் பத்தில் தராவீஹ் தனியாகவும் பின்னிரவுத் தொழுகை தனியாகவும் ஜமாஅத்தாகத்தானே நடக்கிறது?

பதினொன்று:
ஹரமில் நடப்பது மார்க்கம் ஆகாது பாய். கொரோனா வந்த 2020-இல் தராவீஹை 20-இலிருந்து 10 ஆக்கினார்கள். அப்போது 10தான் சுன்னத் என்று யாராவது சொன்னோமா? உங்கள் சிரமம் புரிகிறது, அதற்காகச் சட்டத்தை மாற்ற முடியாது.

நைட்_ஷிப்ட்:
சட்டத்தை எங்கே மாற்றினேன்? நஃபில் என்று சொல்லிக்கொண்டே சட்டம் சட்டம் என்கிறீர்கள். இமாம் முடிக்கும்வரை அவரோடு நின்றவருக்கு இரவு முழுவதும் நின்ற நன்மை எழுதப்படும் என்று அபூதர் (ரலி) அறிவிப்பது திர்மிதியில் இருக்கிறதா இல்லையா?

திண்ணைக்காரன்:
இருக்கிறது. ஆனால் அதை வைத்தே நான் எதிர்க்கேள்வி கேட்பேன். முன்னிரவு இமாமோடு முழுசாக நின்றவருக்கு அந்த நன்மை கிடைத்துவிட்டதே. அதை ஒழுங்காக நிற்க வைக்கத்தான் நான் சொல்கிறேன். எங்கள் பள்ளியில் 20 ரக்அத் முக்கால் மணி நேரத்தில் முடிகிறது. ஒரு ஜுஸ்வு (குர்ஆனில் முப்பதில் ஒரு பங்கு) ஓதுகிறார்கள் என்று பேர், காதில் விழுவது வசன முடிவில் வரும் யஃலமூன், தஃலமூன் மட்டும். குனியும் ருகூஉவில் மூன்று தஸ்பீஹ் சொல்வதற்குள் தொழவைக்கும் ஹாஃபிழ் நிமிர்ந்துவிடுகிறார். இருப்பதை நிதானமாக்காமல் அதன் தலையில் இன்னொன்றை ஏற்றுவது எனக்குப் பிடிக்கவில்லை.

முதல்_ஸஃப்:
அதைச் சொன்னால் "வயசானவங்க நிக்க மாட்டாங்க, சீக்கிரம் முடி" என்று ஹஜ்ரத்தை விரட்டுவது யார்? உங்கள் வயதுக்காரர்கள்தான். நிதானமாக ஓதிக் கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் நாங்கள் ஒன்றரை மணியைக் கேட்டோம். இரண்டு மணி நேரத்தில் எட்டு ரக்அத், அவ்வளவுதான் திட்டம். நேரமும் சும்மா வைக்கவில்லை. மக்ரிப் 6.20, சுபுஹ் 5.10 என்று வைத்துக்கொண்டால் இரவு 10 மணி 50 நிமிடம், மூன்றில் ஒரு பங்கு 3 மணி 36 நிமிடம். கடைசி மூன்றில் ஒன்று தொடங்குவது 1.33. என்னிடம் கேட்பவர் யார் என்று அல்லாஹ் அழைக்கும் நேரம் அதுதான்.

திண்ணைக்காரன்:
கணக்கு சரிதான், மறுக்கவில்லை. விரட்டுகிறவர்கள் என் செட்டு ஆட்கள் என்பதும் உண்மை.

ஸஹர்_அடுப்பு:
இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன், ஒருத்தராவது கேட்பீர்கள் என்று பார்த்தேன். வீடா பள்ளியா என்று இவ்வளவு பேசுகிறீர்கள். எங்கள் பள்ளியில் பெண்களுக்கு இடம் கிடையாது, அதனால் எனக்கு அந்தக் கேள்வியே வராது.

போன வருடம் எங்கள் தெருவிலும் இந்த ஜமாஅத் நடந்தது. ஒரு மணிக்கு அவர் கிளம்புவார், கதவுச் சத்தத்தில் சின்னது எழுந்துவிடும். அதைத் தோளில் போட்டுக்கொண்டே உலை வைப்பேன். எங்கள் பள்ளியில் ஸஹர் சாப்பாடெல்லாம் கிடையாது, மூன்றரைக்கு வந்து "ரெடியா?" என்பார். கடைசிப் பத்து வந்தால் நபியவர்கள் இடுப்புத் துணியை இறுகக் கட்டிக்கொண்டு இரவை உயிர்ப்பிப்பார்கள், குடும்பத்தாரை எழுப்பிவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) சொல்கிறார்கள். முதல் பாதியை மட்டும் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டீர்கள். அவர் என்னை எழுப்பியதும் உண்டு, தொழ இல்லை, பிளாஸ்கில் டீ ஊற்ற.

எழுந்து தொழுது மனைவியையும் எழுப்பி, அவள் எழாவிட்டால் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற கணவனுக்கு நபியவர்கள் துஆ செய்த அதே ஹதீஸில், கணவன் முகத்தில் தண்ணீர் தெளிக்கிற மனைவிக்கும் துஆ இருக்கிறது. அதைப் பயானில் கேட்டதாக நினைவே இல்லை.

முதல்_ஸஃப்:
லாத்தா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. எங்கள் வீட்டில் உம்மாதான் அடுப்பில் நிற்கிறார்கள், நானும் யோசிக்கவில்லை.

ஓதுற_பையன்:
லாத்தா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பள்ளியில் இரண்டு தூணுக்கு நடுவே கயிறு கட்டியிருந்ததைப் பார்த்து என்ன இது என்று நபியவர்கள் கேட்டார்கள். நபியவர்களின் மனைவி ஸைனப் (ரலி) நின்று தொழுது சோர்ந்தால் பிடித்துக்கொள்ளக் கட்டியது என்றார்கள். அவிழ்த்துவிடுங்கள், உற்சாகம் இருக்கும்வரை தொழுங்கள், சோர்ந்தால் உட்காருங்கள் என்றார்கள். பத்து இரவும் தவறாமல் வந்தே ஆக வேண்டும், வராதவன் ஈமான் குறைந்தவன் என்ற பேச்சு பையன்களுக்குள் வந்துவிட்டால் அது அந்தக் கயிறுதான். வித்ரு விஷயத்தையும் மறக்காதீர்கள். ஒரே இரவில் இரண்டு வித்ரு கிடையாது. தராவீஹோடு தொழுதவர் ஒன்றரை மணிக்கு இமாம் வித்ருக்கு நிற்கும்போது என்ன செய்வார் என்று முன்னாலேயே சொல்லிவையுங்கள், இல்லையென்றால் மூன்றரை மணிக்கு ஸஃபில் (தொழுகை வரிசையில்) சத்தம் கேட்கும்.

பதினொன்று:
ஒரே தொழுகையாக வைத்திருந்தால் இந்த வித்ருக் குழப்பமே வராது. சொன்னால் கேட்க மாட்டீர்கள்.

நைட்_ஷிப்ட்:
பதினொன்று பாய், நீங்கள் எத்தனை ரக்அத் என்று எண்ணுங்கள், நாங்கள் எத்தனை பேர் எழுந்தோம் என்று எண்ணுகிறோம்.

திண்ணைக்காரன்:
இன்று இஷாவுக்குப் பிறகு பள்ளி நிர்வாகியான முத்தவல்லியிடம் பேசிவிட்டு வந்தேன். வெளி ஒலிபெருக்கி வேண்டாம் என்றேன், ஒத்துக்கொண்டார். 2000-இல் வந்த ஒலி மாசு விதிப்படி இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை அது எப்படியும் கூடாது, அது போக எங்கள் பள்ளிக்கு நேர் எதிர் வீட்டில் ஒரு பாட்டி படுத்த படுக்கையாக இருக்கிறார். பிரியாணி வேண்டாம், கஞ்சியும் துவையலும் போதும் என்றேன், அதற்கு மட்டும் பையன்கள் முகம் சுருங்கியது. தினமும் வேண்டாம், 21, 23, 25, 27, 29 என்று ஒற்றைப்படை இரவுகளில் மட்டும் வைத்துக்கொள்வோம், மற்ற இரவுகளில் அவரவர் வீட்டில் வீட்டாரோடு தொழட்டும் என்று பேசி முடித்தோம். தராவீஹ் வேகத்தைப் பற்றி ஹஜ்ரத்திடம் நானே சொல்வதாக ஏற்றுக்கொண்டேன், என் செட்டு ஆட்களிடம் திட்டு வாங்கப்போவதும் நான்தான்.

என் கருத்து மாறவில்லை, நான் வீட்டில்தான் தொழுவேன். மேல்மாடியில் திரை கட்டிப் பெண்களுக்கு இடம் விடலாமே என்றும் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்.

முதல்_ஸஃப்:
ஜஸாக்கல்லாஹ் காக்கா. தொழ வராவிட்டாலும் ஸஹருக்காவது வந்துவிடுங்கள், துவையல் நாங்கள் அரைக்கிறோம்.

ஸஹர்_அடுப்பு:
எங்கள் ஊரில் "பார்க்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். உங்கள் ஊரில் எப்படி காக்கா?