வற்றுக்கால மாட்டின் தீனி: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

கண்டனூர்க்காரர்:

சென்ற மார்கழியில் நடந்தது இன்னும் மனத்தை விட்டுப் போகவில்லை, அதனால் எழுதுகிறேன். ஜெர்சிக் கலப்பு, நான்காம் ஈத்து. கன்று போட இரண்டு மாதம் இருக்கும்போதே கறவையை நிறுத்தி வற்றவிட்டேன். நிறைசினையாயிற்றே என்று கடலைக்கொடியை வயிறு முட்டப் போட்டேன். கிணற்றடி அகத்தியைத் தினமும் ஒடித்துப் போட்டேன். அதுவும் போதாதென்று மருந்துக் கடையில் வாங்கிய கால்சியம் டானிக்கை நாளொன்றுக்கு 100 மில்லி வீதம் கடைசி மாதம் முழுவதும் புகட்டினேன்.

மாலை ஆறு மணிக்குக் கன்று போட்டது. நஞ்சுக்கொடியும் நல்லபடியாக விழுந்தது. மடியை ஒட்டக் கறந்து, வளவிலுள்ள அத்தனை வீட்டுக்கும் சீம்பால் கொடுத்தனுப்பினோம். கருப்பட்டியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு அவித்த சீம்பாலை அடுத்த வீட்டு ஆச்சி புகழ்ந்து பேசிக்கொண்டிருந்த நேரத்தில், பின்கட்டில் மாடு என்ன பாடுபட்டுக்கொண்டிருந்தது என்பது எனக்குத் தெரியாது. இரவு இரண்டு மணிக்குப் போய்ப் பார்த்தபோது, படுத்தபடியே கழுத்தை மடக்கி முகத்தை விலாவின்மேல் சாய்த்திருந்தது. உறங்குகிறது என்றே நினைத்தேன். காதைத் தொட்டேன், பனியில் கிடந்த பித்தளைச் செம்பைத் தொட்டது போலச் சில்லென்றிருந்தது.

பால் காய்ச்சல், இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிட்டது என்றார் மருத்துவர். பெயரில்தான் காய்ச்சல், உடம்பில் சூடே இல்லை. 450 மில்லி கால்சியம் பாட்டிலை, ஒரு கையால் நெஞ்சுத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே, மிக மெதுவாக நரம்பில் ஏற்றினார். பாட்டில் முடிவதற்குள் மாடு ஏப்பம் விட்டது, சாணம் போட்டது, சற்று நேரத்தில் தள்ளாடி எழுந்தும் நின்றது. என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டார். பெருமையாகவே சொன்னேன். அவர் அந்த டானிக் பாட்டிலை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கீழே வைத்தார். சத்தைக் கொடுத்த மாட்டுக்கே அந்தச் சத்து எப்படிக் குறைந்தது என்பதுதான் இன்றுவரை என்னை அரிக்கிறது.

கல்லல் பக்கத்து விவசாயி:

உங்களுடையது அளவு மீறிய அன்பு. எங்கள் வீட்டில் நடந்தது அதற்கு நேர்மாறானது. பால் கறக்காத மாட்டுக்கு எதற்குப் புண்ணாக்கு என்பது எங்கள் ஐயாவின் கட்சி. அந்த ஆண்டு கண்மாயில் தண்ணீரில்லை, புல்லும் இல்லை. வற்றிய நாள் முதல் ஈனும் நாள் வரை வெறும் வைக்கோலும் கழுநீரும்தான். வயிற்றிலிருக்கும் கன்று பெரும்பகுதி வளர்வதே கடைசி இரண்டு மூன்று மாதங்களில்தான் என்பதை அப்போது எங்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. பிறந்த கன்று நாய்க்குட்டியைவிடச் சற்றுப் பெரிதாக இருந்தது. முன்னங்கால்களை ஊன்றி எழும், பின்னங்கால்கள் மடங்கிவிடும், மீண்டும் எழும். மடியைத் தேடி அது தாயின் முன்னங்காலை முட்டிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை. மூன்றாம் நாள் போய்விட்டது. தாயும் அந்த ஈத்து முழுவதும் சரியாகக் கறக்கவில்லை, பருவத்துக்கு வரவும் வெகுநாள் ஆயிற்று. ஐயாவிடம் அதைப் பற்றி நான் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை.

தேவகோட்டை அன்பர்:

கண்டனூர் நண்பருக்கு விடை தெரிந்தாக வேண்டும், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். பசுவின் இரத்தத்தில் எந்நேரமும் ஓடுவது ஏறக்குறைய 3 கிராம் கால்சியம்தான். பத்து லிட்டர் சீம்பாலிலோ 20 கிராமுக்கும் மேல் வெளியேறுகிறது. அந்தப் பற்றாக்குறையை எலும்பிலிருந்து கரைத்தும் குடலிலிருந்து உறிஞ்சியும் உடல்தான் ஈடுகட்ட வேண்டும். அந்த வேலையை முடுக்கிவிடுவது கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி. தீனியிலேயே கால்சியம் தாராளமாக வந்துகொண்டிருந்தால் அந்தச் சுரப்பிக்கு வேலை இருப்பதில்லை. ஈன்ற இரவில் திடீரெனத் தேவை எழும்போது, அது விழித்து எலும்பைக் கரைக்கத் தொடங்க ஓரிரு நாளாகிவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் மாடு சாய்கிறது. இளம் பசுக்களைவிட மூன்றாம் ஈத்துக்கு மேற்பட்டவற்றுக்கும், மற்ற இனங்களைவிட ஜெர்சிக்கும் இது மிகுதி. உங்கள் மாடு இரண்டிலும் அகப்பட்டுக்கொண்டது.

கடலைக்கொடி, அகத்தி, வேலிமசால் ஆகிய மூன்றும் பயறுவகைச் செடிகள், கால்சியம் நிறைந்தவை. கறவை மாட்டுக்கு அவை அமுதம். கடைசி மூன்று வாரத்துக்கு மட்டும் குறைத்துவிட்டு வைக்கோலும் சோளத்தட்டையும் போடலாம். பொட்டாஷ் உரமும் சாணக் கரைசலும் மிகுதியாக இட்டு வளர்த்த கோ 4 தீவனப்புல்லும் அந்த மூன்று வாரத்துக்கு நல்லதன்று. பொட்டாசியம் மிகுந்தாலும் எலும்பிலிருந்து கால்சியம் எளிதில் இறங்காது. டானிக்கை ஈன்ற பிறகு கொடுக்க வேண்டும். அதையும் நிற்கும் மாட்டுக்குத்தான் புகட்ட வேண்டும். சாய்ந்து கிடக்கும் மாட்டின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

கல்லல் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு யாரும் மறு எல்லைக்கு ஓட வேண்டாம். 400 கிலோ எடையுள்ள மாட்டுக்கு நாளொன்றுக்கு உலர்நிலைக் கணக்கில் (ஈரம் நீக்கிய எடையில்) சுமார் 8 கிலோ தீனி வேண்டும். வற்றிய தொடக்கத்தில் ஒன்றிலிருந்து ஒன்றரை கிலோ அடர்தீவனம் (புண்ணாக்கு, தவிடு, தானியம் சேர்ந்த கலவை) போதும். கடைசி இரண்டு மூன்று வாரத்தில் சிறிது சிறிதாக இரண்டரை, மூன்று கிலோ வரை ஏற்றலாம். ஈன்ற பிறகு திடீரென அள்ளிப் போட்டால் இரைப்பை தாங்காது என்பதால்தான் இந்தப் பழக்கம். வழக்கமான தாது உப்புக் கலவையைக் கடைசி வாரங்களில் தொடர்வதா, நிறுத்துவதா என்பதை மருத்துவரிடமே கேளுங்கள், ஏனெனில் அதிலும் கால்சியம் உண்டு.

என் அனுபவம் சிறியது. கல்லுப்பைத் தொட்டியில் கைநிறையப் போட்டு வந்தேன். ஈனுவதற்கு முன்பே மடி, தொப்புள் வரை வீங்கி, விரலால் அழுத்திய குழி அப்படியே நின்றது. அன்று முதல் கடைசி மூன்று வாரத்தில் உப்பைக் குறைத்துவிடுகிறேன்.

புதுவயல், அரிசி ஆலைத் தெரு:

தேவகோட்டை அன்பர் கிலோக் கணக்கில் பேசுகிறார். எங்கள் கொட்டிலில் தராசு இல்லை. மாட்டை நிறுத்துப் பார்த்தவர் இந்த வட்டாரத்தில் எத்தனை பேர்? முதுகெலும்பையும் விலாவையும் கையால் தடவிப் பார்ப்பதுதான் எங்கள் தராசு. அந்தத் தராசும் ஒருமுறை என்னை ஏமாற்றியது, அல்லது நான் அதைக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஆலைகள் மிகுதி, தவிட்டுக்கும் குருணைக்கும் பஞ்சமில்லை. பால் குறைந்துவிட்டது என்று ஒரு மாட்டை நான்கு மாதத்துக்கு முன்பே வற்றவிட்டு, காலையும் மாலையும் குருணைக் கஞ்சியும் தவிடும் வைத்தேன். விலா எலும்பு ஒன்றுகூடக் கைக்குத் தட்டுப்படவில்லை. வால் அடியில் இருபுறமும் கொழுப்பு மேடிட்டது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள். ஈனும்போது கன்று வழியில் சிக்கி, இரண்டு ஆள் கயிறு கட்டி இழுக்க வேண்டியதாயிற்று. அதைக்கூட மறந்துவிடலாம். ஐந்தாம் நாள் மாடு தவிட்டை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனைவி அதன் வாயருகே குனிந்தவள், நகப்பூச்சு அழிக்கும் மருந்து போல மணக்கிறதே, யார் இங்கே கொண்டுவந்தார்கள் என்று கேட்டாள். யாரும் கொண்டுவரவில்லை. அது மாட்டின் மூச்சு. தின்னாமல் நின்ற மாடு தன் கொழுப்பையே கரைத்துக்கொண்டிருக்கிறது, ஈரலில் கொழுப்பு படிகிறது, இதற்குக் கீட்டோசிஸ் என்று பெயர் என்றார் மருத்துவர். குளுக்கோஸ் ஏற்றிப் பிழைக்க வைத்தார். ஆனால் இரண்டு வாரப் பால் போயிற்று. வற்றுக்காலத்தில் மாட்டை இளைக்கவும் விடக் கூடாது, கொழுக்கவும் விடக் கூடாது என்று எனக்குச் சொன்னது அந்த மணம்தான்.

பள்ளத்தூர், இரண்டு மாடு வைத்திருப்பவள்:

ஆண்கள் எல்லோரும் என்ன போட்டோம் என்றே எழுதுகிறீர்கள். நான் வற்றவே விடவில்லை, அதைச் சொல்கிறேன். பால் பணத்தில்தான் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. மாடும் ஒரு வேளைக்கு மூன்று லிட்டர் குறையாமல் கொடுத்தது. ஈனுவதற்குப் பத்து நாள் இருக்கும்போதுதான் நிறுத்தினேன். அந்த ஈத்தின் சீம்பால் சீம்பாலாகவே இல்லை. மஞ்சளும் இல்லை, கெட்டியும் இல்லை, அடுப்பில் வைத்தால் திரண்டு வரவும் இல்லை. அடுத்த வாரமே கன்றுக்குக் கழிச்சல் கண்டது. பிழைத்துக்கொண்டது என்றாலும், கிண்ணத்தில் நீராக நின்ற அந்தப் பாலைப் பார்த்தபோது நான் கூசிப்போனேன்.

இப்போது அறுபது நாளுக்குக் குறைவதில்லை. அடர்தீவனத்தையும் பசும்புல்லையும் நான்கைந்து நாள் குறைத்தால் பால் தானே இறங்கிவிடும். பிறகு ஒரே நாளில் கறவையை நிறுத்தி, நான்கு காம்பிலும் வற்றுக்கால மருந்துக் குழாயை மருத்துவர் கையால் ஏற்றிவிடுகிறேன். ஒருநாள் விட்டு ஒருநாள் கறந்து நிறுத்துவதைவிட இது நல்லது என்று அவர்தான் சொன்னார். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். சித்திரை வெயிலில் சினை மாட்டைத் தாகத்தில் நிறுத்தியிருப்பவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

கண்டனூர்க்காரர்:

தேவகோட்டை அன்பருக்கு நன்றி. சுரப்பி உறங்கிக் கிடந்தது என்று நீங்கள் எழுதிய இடத்தை என் மகனிடம் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். உப்பைப் பற்றிச் சொன்னதையும் குறித்துக்கொண்டேன். அதே மாடு இப்போது ஐந்தாம் ஈத்துக்கு நிற்கிறது. கணக்குப்படி இன்னும் பதினெட்டு நாள். கடலைக்கொடிப் போரை ஆடுகளுக்கு ஒதுக்கிவிட்டு, இதற்கு வைக்கோலும் சோளத்தட்டையும் போடுகிறேன். சென்ற முறை பார்த்த மருத்துவரே இந்த முறையும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்; ஈன்றதும் வாய்வழி கொடுக்கும் கால்சியம் களிம்பையும் அவரே எழுதித் தந்துவிட்டார். முதல் நாள் மடியை ஒட்டக் கறப்பதில்லை என்று வீட்டில் முடிவு செய்துவிட்டோம், கன்றுக்கு வேண்டியது போக மீதி மடியிலேயே இருக்கட்டும். ஆச்சிக்குச் சீம்பால் இந்த முறை ஒரு நாள் தாமதமாகத்தான் போகும், அதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். இரவில் கொட்டிலுக்குப் போகும் போதெல்லாம் கை முதலில் அதன் காதுக்குத்தான் போகிறது. இதுவரை வெதுவெதுப்பாகவே இருக்கிறது.