மறு: எதிரீர்ப்பா, ஈர்ப்புக்காப்பா?

அனைவருக்கும் வணக்கம்.

ஈர்ப்பு ஆய்வுக் கட்டுரைப் போட்டியின் வரலாற்றை எழுதிவரும் தம்பி கேட்டிருந்தது இது:

> கல்வெட்டில் வரும் 'செமி-இன்சுலேட்டர்', மற்ற இடங்களில் வரும் 'ஆன்ட்டி-கிராவிட்டி' இரண்டையும் 'எதிரீர்ப்பு' என்றே எழுதிவிடலாமா?

வேண்டாம் தம்பி. முன்னது ஈர்ப்பை ஓரளவு தடுக்கும் பொருள், பின்னது விலக்கித் தள்ளும் ஈர்ப்பு; இரண்டும் வேறு. காரணம் சொல்வதற்கு முன் அமைப்பின் பெயரை முடித்துவிடுவோம். வரைவில் 'புவியீர்ப்பு விசை ஆய்வு அறக்கட்டளை' என்று இருக்கிறது. 1971-இல் ஸ்டீபன் ஹாக்கிங் அங்கே முதல் பரிசு வாங்கியது கருந்துளை பற்றிய கட்டுரைக்கு. அதில் புவிக்கு என்ன வேலை? 'விசை'யையும் எடுத்துவிடலாம். ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியலில் ஈர்ப்பு என்பது காலவெளியின் வளைவு. 'ஈர்ப்பு ஆய்வு அறக்கட்டளை' போதும்.

சரி, இப்போது கல்வெட்டு. அதை நிறுத்தியவர் அறக்கட்டளையை நிறுவிய ரோஜர் பாப்சன். சிறுவயதில் சகோதரியையும் பின்னாளில் பேரனையும் நீரில் பறிகொடுத்தவர். ஈர்ப்புதான் அவர்களை இழுத்துக்கொண்டு போனது என்று உண்மையாகவே நம்பினார். 1949-இல் போட்டி தொடங்கியபோது அவர் தேடியது ஈர்ப்பை மறிக்கும், உறிஞ்சும் அல்லது திருப்பி அனுப்பும் ஒரு பொருளை. 1960-களில் அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் அவர் நிறுத்திய கற்களும் இதையே சொல்கின்றன: அப்படி ஒரு பொருள் கிடைத்தால் ஈர்ப்பிலிருந்து இலவச ஆற்றல் கிடைக்கும், விமான விபத்துகள் குறையும். அவர் கேட்டது விலக்கித் தள்ளும் ஈர்ப்பை அல்ல, நடுவே நின்று தடுக்கும் ஒரு தகட்டை.

ஆகவே நமக்கு வேண்டியது இன்சுலேட்டர் குடும்பத்துச் சொல். மின்காப்பு, வெப்பக்காப்பு என்று ஏற்கெனவே புழங்குகிறோம். அதே வரிசையில் ஈர்ப்புக்காப்பு. 'ஈர்ப்பைக் காப்பாற்றுவது என்று படிக்க மாட்டார்களா' என்று இங்கே ஒருவர் கேட்டிருந்தார். மின்காப்பை யாரும் மின்சாரத்தைக் காப்பாற்றுவதாகப் படிப்பதில்லையே. 'ஈர்ப்புத்தடை'யும் எனக்குப் பிடித்த சொல்தான். ஆனால் மின்தடை என்றால் ரெசிஸ்டன்ஸ் என்று ஆகிவிட்டதால் குழப்பம் வரும்.

'செமி'க்கு அரையா குறையா? செமிகண்டக்டருக்குக் குறைகடத்தி நிலைத்துவிட்டதால் குறைகாப்பு என்கிறேன். ஈர்ப்புக் குறைகாப்பு. முதல் தடவை கொஞ்சம் இடறும். பக்கத்தில் 'ஈர்ப்பை ஓரளவு தடுக்கும் பொருள்' என்று எழுதிவிடுங்கள்.

இதை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கக் காரணம் இயற்பியல்தான். மின்னூட்டம் இருவகை. அதனால் ஓர் உலோகக் கூட்டுக்குள் மின்னூட்டங்கள் இடம் மாறி நின்று வெளிப்புலத்தை உள்ளே ஒன்றுமில்லாமல் செய்துவிடும். நிறையோ ஒரே வகை. நடுவில் எந்தத் தகட்டை வைத்தாலும் அது தன் பங்குக்கு இழுக்குமே தவிர எதையும் ஈடுசெய்யாது. காப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் வாசகருக்கு மின்காப்பு நினைவுக்கு வரும், அது இங்கே ஏன் பலிக்காது என்ற கேள்வியும் கூடவே வரும். 'எதிரீர்ப்பு' அந்தக் கேள்வியை எழுப்புவதில்லை.

1953-இல் இயற்பியலாளர் பிரைஸ் டிவிட் இதே போட்டிக்கு எழுதியதும் இதைத்தான். இத்தகைய காப்புப் பொருள்களையும் மாயக் கலவைகளையும் தேடுவது வீண், முதலில் ஈர்ப்பின் அடிப்படையைப் புரிந்துகொள்ளுங்கள் என்றார். போட்டியின் நோக்கத்தையே மறுத்த அந்தக் கட்டுரைக்கு முதல் பரிசான 1,000 டாலரைக் கொடுத்தார்கள்! எனக்கு இந்தப் போட்டியின்மேல் மதிப்பு வந்ததே அந்த இடத்தில்தான். காப்பையும் எதிரீர்ப்பையும் ஒரே சொல்லில் அடைத்தால் அவர் எதை மறுத்தார் என்பதே வாசகருக்குப் பிடிபடாது.

'எதிரீர்ப்பு' பற்றி இன்னொரு சிக்கலும் உண்டு. எதிர்த்துகள், எதிர்ப்பொருள் (ஆன்ட்டிமேட்டர்) என்று சொல்லிப் பழகியவர்கள் அதை எதிர்ப்பொருளின் ஈர்ப்பு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். எதிர் ஹைட்ரஜனும் கீழ்நோக்கித்தான் விழுகிறது என்று செர்ன் ஆய்வகத்தில் 2023-இல் காட்டியிருக்கிறார்கள். கதைகளில் வரும் பறக்கும் தட்டுகளுக்கு எதிரீர்ப்பு இருந்துவிட்டுப் போகட்டும். அண்ட விரிவை முடுக்கும் கரும் ஆற்றல் பற்றி எழுதும்போது 'விலக்கும் ஈர்ப்பு' என்று இரு சொல்லாகவே எழுதலாம்.

அப்புறம், வரைவின் கடைசிப் பத்தி. 2008-இல் முதல் பரிசு பெற்ற இயற்பியலாளர் தாணு பத்மநாபன், ஈர்ப்பை அடிப்படையான ஒன்றாகக் கொள்ளாமல், வாயுவின் அழுத்தமும் வெப்பநிலையும்போல நுண்கூறுகளின் கூட்டத்திலிருந்து எழுவதாகப் பார்த்தார். அந்த 'எமர்ஜென்ட்'டுக்கு நீங்கள் போட்டிருக்கும் 'தோன்றும்' போதாது. வெறும் தோற்றம், உண்மையில் இல்லாதது என்ற பொருள் வந்துவிடுகிறது. 'எழுபண்பு' என்று எழுதிப் பார்த்தேன், முழு நிறைவில்லை. இதைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள்.