ஐம்பது வரை சொல்கிறான், ஐந்து எடுத்துத் தரத் தெரியவில்லை

எல்கேஜி அம்மா, தென்காசி:
மகனுக்கு நாலரை வயது. ஒன்றிலிருந்து ஐம்பது வரை ரயில் மாதிரி ஓட்டுவான். வீட்டுக்கு யார் வந்தாலும் தாத்தா அவனைக் கூப்பிட்டுச் சொல்ல வைத்துவிடுவார். நேற்று புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். "அஞ்சு கொட்டை கொடுடா" என்றால் கை கொள்ளும் மட்டும் அள்ளி வைக்கிறான். எண்ணச் சொன்னேன். விரல் வைத்து ஏழு வரை சரியாக எண்ணி முடித்தான். "சரி, மொத்தம் எத்தனை?" மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறான்! மூன்று தடவை கேட்டேன், மூன்று தடவையும் எண்ணினான். நாலாவது தடவை அவனுக்கும் அழுகை, எனக்கும். ரிப்போர்ட் கார்டில் 'கணக்கில் பின்தங்கியுள்ளான்' என்று ஒரே வரி. எதில் என்று கேட்டால் பள்ளியில் பதில் இல்லை. டியூஷன் வைக்கலாமா?

ஓய்வுபெற்ற ஒன்றாம் வகுப்பு டீச்சர்:
டியூஷன் எல்லாம் வேண்டாம்மா. அவனுக்கு எண் வரிசை வந்துவிட்டது, ஒரு கொட்டைக்கு ஓர் எண் என்பதும் வந்துவிட்டது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம் என்பது மட்டும் பாக்கி. இவை தனித்தனித் திறன்கள் என்று 1978-லேயே கெல்மன், காலிஸ்டல் என்ற இரு உளவியலாளர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். நீங்கள் "எத்தனை?" என்று கேட்பது அவன் காதில் "எண்ணு" என்றுதான் விழுகிறது. அதனால்தான் ஒவ்வொரு தடவையும் எண்ணுகிறான், பாவம்.

தட்டில் பத்துக் கொட்டை வையுங்கள். பொம்மைக்கு ஒன்று கொடு, இரண்டு கொடு என்று ஏற்றிக்கொண்டே போங்கள். இரண்டு மூன்று நாள் விளையாட்டாகச் செய்தால் எதுவரை தடுமாறாமல் தருகிறான் என்று தெரிந்துவிடும். ஒன்று பிடிபட்டுச் சில மாதம் கழித்து இரண்டு, அப்புறம் மூன்று என்று மெதுவாகத்தான் வரும். நாலைத் தாண்டினால் மற்றவை மளமளவென்று வந்துவிடும். மூன்றில் நிற்கிறான் என்றால் நாலில் வேலை செய்யுங்கள், ஐம்பதை விட்டுவிடுங்கள். முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு எண்ணிக் காட்டுங்கள்: "நாலு இட்லி இருக்கு. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு இட்லி."

கோவை அப்பா:
எங்கள் வீட்டில் 'ட்வென்ட்டி நைன், ட்வென்ட்டி டென்' நடந்தது! அதுவும் நல்ல அறிகுறிதான், மகள் வரிசையின் அமைப்பைப் பிடித்திருக்கிறாள். ஆனால் ஆங்கில 'லெவன்' எங்கிருந்து வந்தது என்று குழந்தைக்கு எப்படித் தெரியும்? 'பதினொன்று' என்றால் பத்தும் ஒன்றும் உள்ளேயே இருக்கிறது. வீட்டில் தமிழிலும் எண்ணுங்கள். (தொண்ணூறில் இடறுவார்கள், அது நம் மொழியின் குறும்பு.) பரமபதத்தில் 14-இல் நின்று மூன்று விழுந்தால் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று நகர்த்தாமல் 'பதினைந்து, பதினாறு, பதினேழு' என்று சொல்லி நகர்த்தப் பழக்குங்கள். ஆனால் அது அடுத்த வருடத்துக்கு.

எல்கேஜி அம்மா, தென்காசி:
டீச்சர், பார்த்துவிட்டேன். மூன்று வரை கேட்டவுடன் தருகிறான். நாலு என்றால் அள்ளல்தான். விருந்தாளிகள் முன்னால் இனி ஐம்பது வேண்டாம் என்றதும் தாத்தாவுக்கு முகம் தொங்கிவிட்டது. பழைய பல்லாங்குழியைத் துடைத்துக் கொடுத்தேன். இப்போது திண்ணையிலிருந்து புகார் வருகிறது: "அம்மா, தாத்தா ஒரே குழியில ரெண்டு போட்டுட்டார்!"