புதுப்பிப்பு: அம்மா போனின் பவர் பட்டனை மாற்றியாச்சு

அம்மாவின் போனில் பவர் பட்டனை நாலைந்து முறை அழுத்தினால்தான் திரை எரிகிறது, வீட்டிலேயே மாற்றலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேன். பட்டன் இடுக்கில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் (அழுக்கைக் கரைத்துச் சீக்கிரம் காயும் திரவம்) விட்டுப் பார்க்கச் சொன்னீர்கள். விட்டேன், இரண்டு நாள் ஒழுங்காக இருந்தது, அப்புறம் பழையபடிதான்.

சரி என்று சென்னை ரிச்சி தெரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில் அந்த மாடலுக்கான பட்டன் ஃபிளெக்ஸ் (பவர், வால்யூம் பட்டன்களை போர்டோடு இணைக்கும், வளையும் மெல்லிய பட்டை) வாங்கி, ஞாயிற்றுக்கிழமை பிரித்தேன். சார்ஜை 25 சதவீதத்துக்குக் கீழே இறக்கிவிட்டு, ஹேர் டிரையரால் பின்மூடியைச் சூடாக்கினேன். பசை இளகவே அரை மணி நேரம் ஆனது. பேட்டரி இணைப்பைக் கழற்றிய பிறகுதான் மற்றதைத் தொட்டேன். திருகுகள் ஒரே நீளம் இல்லை; நீளமானதை வேறு துளையில் முடுக்கினால் போர்டே போய்விடும். அதனால் தாளில் போனை வரைந்து, ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் டேப்பால் ஒட்டி வைத்தேன்.

பழைய ஃபிளெக்ஸைப் பார்த்ததும் காரணம் புரிந்தது. வெளியே தெரியும் பட்டனில் குறையே இல்லை. உள்ளே ஃபிளெக்ஸில் ஒவ்வொரு பட்டனுக்கும் மிளகைவிடச் சின்னதாக ஒரு உலோகக் குமிழ். அழுத்தினால் ‘டிக்’ என்று குழிந்து எழுவது அதுதான். வால்யூம் பக்கக் குமிழ் உப்பலாக இருந்தது, பவர் பக்கத்தது தட்டையாகிக் கிடந்தது. ஆல்கஹால் அதை எப்படி நிமிர்த்தும்?

மூடியை ஒட்டுமுன் கட்டாயம் சோதித்துப் பாருங்கள். எனக்கு ஃபிளெக்ஸ் மயிரிழை விலகியதில் வால்யூம் வேலை செய்யவில்லை. எடுத்து மறுபடி ஒட்டினேன். இனி தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மூடியைப் பிரித்துவிட்டதால் பழைய நீர்த்தடுப்பு இருக்காது.

இப்போது ஒரே அழுத்தில் திரை எரிகிறது. அம்மா பழக்கத்தில் இன்னும் நாலு தடவை அழுத்துகிறார்.